யோகமலரின் அட்டை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஆவி பறக்க உருளைகளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. கிளடிஸ் இரண்டு முனைகளைப் பிடித்தாள். எதிரே நின்ற பாலேஸ்வரி மற்ற இரண்டையும் பிடித்தாள். ஓர் எட்டு முன்னே வந்து முனைகளைச் சேர்த்து, ஓர் எட்டுப் பின்னே போய் இழுத்து, மறுபடி சேர்த்து மடித்துத் தள்ளுவண்டியில் வைப்பதற்குள் அடுத்தது வந்து தொங்கும். பிடிக்காமல் விட்டால் நிலத்தில் விழும். நிலத்தில் விழுந்தது திரும்பவும் துவைக்கப் போகும். அன்று காலை மட்டும் கிளடிஸ் மூன்றை விட்டுவிட்டாள்.

"என்னக்கா, கைக்கு என்ன நடந்தது?" என்றாள் பாலேஸ்வரி.

"கைக்கு ஒண்டுமில்லை. பின்னேரம் லோயரிட்டைப் போகோணும். மனம் இஞ்சை நிக்குதில்லை."

"யோகா!" என்று துவைக்கும் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேற்பார்வை பார்க்கும் லூர்டிஸ், போர்த்துக்கல்காரி, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். கிளடிஸ் கையைக் கும்பிடுவதுபோல வைத்து மன்னிப்புக் கேட்டாள். லூர்டிஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மாதாவின் பெயரை வைத்திருப்பவளிடம் கோபம் நிற்காது என்பது கிளடிஸின் எண்ணம்.

கனடாவில், ரெக்ஸ்டேலில், விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும் இடத்தில் இருந்த அந்தச் சலவைச்சாலையில் யோகா என்றால் கிளடிஸ்தான். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர்கள்: வீட்டுப் பெயர் ஒன்று, அட்டைப் பெயர் ஒன்று. வந்த புதிதில் வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள், அனுமதி உள்ள உறவுக்காரர் அல்லது தெரிந்தவர் ஒருவருடைய சின் காட்டை, அரசாங்கம் வேலைக்காகக் கொடுக்கும் இலக்க அட்டையை, இரவல் வாங்கி, அந்தப் பெயரில் வேலைக்குச் சேருவார்கள். சீனியும் தேயிலையும் இரவல் வாங்குவதுபோலப் பெயரையும் வாங்கிக்கொள்வது அந்த நாட்களில் யாருக்கும் பெரிய விசயமாகப் படவில்லை. சின் காட்டில் படம் கிடையாது. ஒன்பது இலக்கங்களும் ஒரு பெயரும்தான். மேலே அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் முகங்களுக்குள் வித்தியாசம் பிடிபடாது என்று பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை.

முதல் வருடம் மார்ச் மாதத்தில் லூர்டிஸ் ஒரு கேக் கொண்டுவந்தாள். எல்லாரும் சுற்றி நின்று யோகாவுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். பாடுவது பக்கத்தில் நிற்கும் யாருக்கோ என்று நினைத்துக் கிளடிஸும் சேர்ந்து கைதட்டினாள். பாலேஸ்வரி இடுப்பில் கிள்ளிய பிறகுதான் கத்தியைக் கையில் வாங்கினாள். அவளுடைய பிறந்தநாள் நவம்பரில். அது வந்து போவதை அங்கே யாரும் அறியார்.

மன்னாரில் புருசனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு, பதினான்கு வயது மகள் ஜெசிந்தாவைத் திருச்சியில் தமக்கையிடம் விட்டுவிட்டு, தொண்ணூற்றிரண்டு கடைசியில் வந்து இறங்கியவள் கிளடிஸ். பார்க்டேலில், இடம் கொடுத்த யோகமலரின் அப்பாட்மென்ற் ஹோலில்தான் அந்த முதல் குளிரைக் கழித்தாள். மூத்த குழந்தையோடு வீட்டிலிருந்த யோகமலர்தான் ஒரு நாள் அலுமாரிக்குள்ளிருந்து தன் சின் காட்டை எடுத்துக் கொடுத்தாள். "இது சும்மாதானேயக்கா கிடக்கு, கொண்டுபோங்கோ" என்றாள். ஒரு சதம் கேட்கவில்லை. அந்த நன்றியைக் கிளடிஸ் இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறாள்.

மூன்றரைக்கு மணி அடித்ததும் ஓடினாள். வேலை நேர அட்டையை மணிக்கூட்டில் குத்தி, தலைத்துணியைப் பைக்குள் திணித்து, பஸ், பிறகு சப்வே என்று புளூர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் லோயரின் அலுவலகம் இருந்தது. லோயரை அவள் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள். மற்றதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சண்முகலிங்கம்தான். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். கறுப்புக் கோட்டு இல்லையே தவிர அவரும் லோயர்தான் என்று வருகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

"அகதிக் கேஸ் றிஜெக்ற் ஆன கதை முடிஞ்சுது. நீங்கள் திரும்பிக் கொழும்பிலை போய் இருக்கலாமாம்," என்றார் அவர். "இனி மனிதாபிமான அடிப்படையிலை நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பம் போடலாம். அதுக்கு முக்கியமானது, நீங்கள் இஞ்சை உழைச்சுச் சீவிக்கிறியள், அரசாங்கத்துக்குப் பாரமில்லை எண்டு காட்டுறது. வேலைத்தலத்துக் கடிதம் வேணும். வருச முடிவிலை தாற சம்பளத் துண்டு, ரீ-ஃபோர், அதெல்லாம் வேணும். வேலை செய்யிறியள்தானே?"

"ஓமய்யா. வந்த நாள் தொடக்கம் ஒரே இடம். இன்னும் ஒரு நாள் எண்டாலும் பிந்திப் போகேல்லை."

"ஆற்றை பேரிலை?"

கிளடிஸ் தன் கைகளைப் பார்த்தாள். ஆவியும் புளீச்சும் தின்ற விரல் நுனிகள் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தன.

"யோகமலர் இராஜரட்ணம்."

சண்முகலிங்கம் பேனையை மூடி வைத்தார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குத் தொண்ணூற்றி நாலிலை வேர்க் பெர்மிற் வந்திருக்கு. சொந்த நம்பர் இருக்கு. ஏன் மாத்தேல்லை?"

மாற்றத்தான் நினைத்தாள். வேறு பெயரில் வந்தால் புது ஆள். ஏஜென்சி மூலம்தான் எடுப்பார்கள், இரவு வேலைதான் கொடுப்பார்கள், சம்பளமும் முதலிலிருந்து தொடங்கும். அதோடு நேற்று வரை யோகாவாக நின்ற முகம் இன்று கிளடிஸாக வந்து நின்றால் லூர்டிஸ் என்ன சொல்லுவாள்? இப்போது மாற்றலாம், பிறகு மாற்றலாம் என்று நாள் போய்விட்டது. அவளுடைய சொந்தச் சின் காட் வந்த உறையோடு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது.

"தங்கச்சி, கோவிக்காதையுங்கோ," என்றார் சண்முகலிங்கம். "கவர்மெண்டைப் பொறுத்தவரையிலை நீங்கள் கனடாவிலை ஒரு மணித்தியாலமும் வேலை செய்யேல்லை. அந்த யோகமலர்தான் செய்திருக்கிறா. மகளுக்கு எப்ப பத்தொன்பது?"

"செப்ரெம்பர் எட்டு. மாதா பிறந்த நாளிலை பிறந்தவள்."

"அதுக்கு முதல் விண்ணப்பம் உள்ளை போகோணும். அவள் கலியாணமும் கட்டியிருக்கக் கூடாது. பத்தொன்பது தாண்டினால் அவள் உங்களுக்குப் பிள்ளை, கனடாவுக்குப் பிள்ளையில்லை."

"அப்ப நான் என்ன செய்யிறதையா?"

"வேலை செய்தது நான் இல்லை, கிளடிஸ்தான் எண்டு அந்தப் பிள்ளை சத்தியக்கடதாசி ஒண்டு தரோணும். கொம்பனியும் ஓமெண்டு எழுதோணும். தருவினமோ?"

"யோகம் தருவா," என்றாள் கிளடிஸ். படியிறங்கும்போது அந்த உறுதி பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்தக் கிழமை முழுவதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வைத்தால் அடிப்பிடித்தது. செபமாலையைக் கையில் எடுத்தால் எத்தனையாவது மணி என்று மறந்தது. சனிக்கிழமை திருச்சிக்கு எடுத்த ரெலிபோனில் ஜெசிந்தா, "அன்ரி மாப்பிள்ளை பாக்கிறாம்மா, இன்னும் எவ்வளவு காலம் உன்னை வைச்சிருக்கிறதெண்டு கேக்கிறா" என்று சொன்னாள். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு பிள்ளை" என்றாள் கிளடிஸ். அதை ஐந்து வருடமாகச் சொல்லுகிறாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வோபர்னுக்குப் போனாள். நகரத்தின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு ஒரு முழு மத்தியானப் பயணம். யோகமலரும் புருசன் இராஜரட்ணமும் இரண்டு வருடம் முன்பு அங்கே வீடு வாங்கியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் இரண்டு வயது மயூரி "கிளடி, கிளடி" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தொண்ணூற்றைந்து ஜூனில் அவள் பிறந்தபோது, சலவைச்சாலையில் ஒரு கிழமை லீவு எடுத்து வந்து நின்று, பத்தியக் கறி சமைத்து, அவளைக் குளிப்பாட்டியது கிளடிஸ்தான். அதற்குப் பிறகும் பல மாதம் வேலை முடிந்த கையோடு இங்கேதான் வந்து நின்றாள்.

யோகமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கிளடிஸ் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்தபோது தேத்தண்ணி ஆடை கட்டியிருந்தது.

"அதுக்கென்னக்கா, நான் சைன் பண்ணித் தாறன்," என்றாள் யோகமலர். சொல்லிவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

இராஜரட்ணம் ரக்சி ஓடிவிட்டு வந்து சாரத்தோடு இருந்தார். ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"கிளடிஸ், நான் மறைக்கேல்லை. உங்கடை ரீ-ஃபோராலைதான் எங்களுக்கு இந்த வீட்டுக்கு மோட்கேஜ் கடன் கிடைச்சது. ரக்சிக்காரன்ரை கணக்கை வங்கி பாக்குமோ? அதை நான் செத்தாலும் மறக்கமாட்டன். ஆனா இப்ப மாமாவையும் மாமியையும் இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிப் போட்டிருக்கிறம். கொழும்பு வெள்ளவத்தையிலை லொட்ஜிலை கிடக்கினம். மாமாவுக்கு இருதயத்திலை அடைப்பு. அந்த ஸ்பொன்சருக்கும் இவவின்ரை ரீ-ஃபோர்தான் காட்டினது. இவ வேலை செய்யேல்லை எண்டு நாங்களே சத்தியம் பண்ணிக் குடுத்தால் அந்தக் கேஸ் என்னாகும்?"

"அதோடை இன்னொரு சனியன் இருக்கக்கா," என்றாள் யோகமலர், குரலைத் தாழ்த்தி. "மயூரி பிறந்த வருசம் பிள்ளைப்பேற்று லீவு ஒண்டும் எடுக்கேல்லையே, எப்பிடி எண்டு இமிகிரேசன்காரன் கடிதம் போட்டிருக்கிறான். நான் லேபர் றூமிலை கிடக்கேக்கை நீங்கள் அங்கை சீலை மடிச்சுக்கொண்டு நிண்டியள்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. இராஜரட்ணத்துக்குத்தான் முதலில் சிரிப்பு நின்றது.

"வேலைத்தலத்துக்குப் போன் எடுத்து விசாரிச்சாலும் விசாரிப்பினம். எடுத்தால் நீங்கள்தான் கதைக்கோணும்."

"அவையின்ரை அலுவல் எப்ப முடியும், அண்ணை?"

"ஒரு வரியம் ஆகுமெண்டு சொல்லுறாங்கள்."

"ஜெசிக்குச் செப்ரெம்பரோடை முடியுது."

யோகமலர் அழத் தொடங்கினாள். "அப்பா வந்து இறங்கின அடுத்த நாள் நான் கோட்டிலை ஏறிச் சொல்லுவனக்கா. என்னை மறியலிலை போட்டாலும் சொல்லுவன்." அவள் பொய் சொல்லவில்லை என்று கிளடிஸுக்குத் தெரியும். அதனால் யாரைக் கோபிப்பது என்றும் தெரியவில்லை. மயூரிக்குச் சோறு தீத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் லூர்டிஸைத் தனியாகப் பிடித்தாள். தள்ளுவண்டிகளுக்குப் பின்னால், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று தன் உடைந்த ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"லூர்டிஸ், எனக்கு ஒரு கடிதம் வேண்டும். வேலைக் கடிதம். ஆனால் பெயர்..."

லூர்டிஸ் உடனே இரண்டு கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதே. நீ சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் நான் மேலே சொல்ல வேண்டும். மேலே சொன்னால் உன்னோடு சேர்த்து இன்னும் பத்துப் பேர் வெளியே. யோகாவுக்குக் கடிதம் வேண்டுமா? இன்றைக்கே எழுதுவிப்பேன். இங்கே வந்தவர்களில் அவளைப்போல வேலைக்காரி இல்லை என்று எழுதுவிப்பேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது."

சொன்னபடியே செய்தாள். பின்னேரம் கொம்பனித் தலைப்போடு கடிதம் வந்தது. கிளடிஸ் எழுத்துக் கூட்டி வாசித்தாள். நேரம் தவறாதவள், புதியவர்களைப் பழக்குபவள், நம்பகமானவள் என்றெல்லாம் இருந்தது. இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவளைப்பற்றி யாரும் எழுதியதில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த ஞாயிறு அதை யோகமலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஸ்பொன்சர் கேஸுக்கு உதவும் என்று இராஜரட்ணம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அந்த ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இமிகிரேசன்காரர் போன் எடுப்பார்கள் என்றால், அவர்களே தன்னோடு கதைக்கப்போகிறார்கள். தான் போய்த் தட்ட வேண்டிய கதவு தானே வந்து திறக்கப்போகிறது. உண்மையைச் சொன்னால் என்ன? நான் யோகா இல்லை, என் பெயர் கிளடிஸ், ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறவள் நான்தான். அந்த ஆங்கில வாக்கியங்களை அவள் கிப்ளிங் தெருப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவை லேசாகிக்கொண்டு வந்தன. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, அவள் செபம் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

பிறகு மயூரியின் முகம் வரும். வெள்ளவத்தை லொட்ஜில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் ஒரு கிழவர் வருவார். அலுமாரிக்குள்ளிருந்து சின் காட்டை எடுத்து நீட்டிய கை வரும். சொல்லாமல் விட்டால் ஜெசிந்தா வருவாள். இப்படியே யூலை முழுவதும் போனது. நித்திரை இல்லாமல் அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. "யோகா, வருத்தமா?" என்று லூர்டிஸ் இரண்டு தரம் கேட்டாள்.

யூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விரிப்புக்குள் யாரோ நோயாளியின் பொய்ப்பல்லு வந்து விழுந்து, பாலேஸ்வரி அதைக் கையில் வைத்துக் கடிக்க வருவதுபோல விளையாடிக்கொண்டிருந்தாள். அலுவலகப் பெண் வாசலில் வந்து நின்று கை காட்டினாள்.

"யோகா, உனக்குப் போன். இமிகிரேசன்."

கண்ணாடி அறைக்குள் போய் ரிசீவரைக் கையில் எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே லூர்டிஸ் நின்றுகொண்டிருந்தாள். அலுவலகப் பெண் தன் மேசையில் இருந்து எதையோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள்.

"மிஸிஸ் இராஜரட்ணம்?"

ஐந்து வருடமாகப் பழகிய கேள்வி. "யெஸ்" என்று வாய் சொல்லிவிட்டது. மனம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

பெண் குரல். அன்பான குரல்தான். பெயர், பிறந்த திகதி, முகவரி கேட்டது. மார்ச் மாதத்துப் பிறந்தநாளையும் வோபர்ன் முகவரியையும் கிளடிஸ் தடுமாறாமல் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டது. அதற்கு அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருளையின் சூடு எவ்வளவு, ஒரு வண்டியில் எத்தனை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணிக்கும் ஹோட்டல் துணிக்கும் எப்படி மடிப்பு மாறும், எல்லாம் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். எப்போது சேர்ந்தாள் என்று கேட்டபோது, பனி கொட்டிய அந்த முதல் திங்கட்கிழமையையும், சப்பாத்துக்குள் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு வந்ததையும் சொன்னாள். மறுமுனையில் இருந்தவள் சிரித்தாள்.

"நீங்கள் வேலை செய்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை," என்றாள். "ஒரு கேள்விதான். தொண்ணூற்றைந்து ஜூனில் உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கொம்பனிப் பதிவில் ஒரு கிழமை விடுமுறைதான் இருக்கிறது. ஒரு கிழமையில் வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா?"

இதுதான் இடம். பஸ்ஸில் சொல்லிப் பழகிய வாக்கியத்தை இப்போது சொல்லலாம். அலுவலகப் பெண் தட்டச்சை நிறுத்தியிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே லூர்டிஸ் தன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உருளைகளிலிருந்து விரிப்பு வந்து தொங்க, பாலேஸ்வரி தனியாக நின்று நான்கு முனைக்கும் இரண்டு கையால் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற நாலைந்து பேரும் இரவல் பெயர்க்காரர்.

"ஓம்," என்றாள் கிளடிஸ். "காசு தேவை. வந்துவிட்டேன்."

"அப்படியானால் குழந்தையை யார் பார்த்துக்கொண்டது?"

"சிநேகிதி."

"அவருடைய பெயர்?"

சுவரில் இருந்த மணிக்கூட்டின் முள் ஒருமுறை துடித்து நகர்ந்தது.

"கிளடிஸ்," என்றாள். மறுமுனை எழுத்துகளைக் கேட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அவர் முழு நாளும் வீட்டில் இருந்தாரா? அவருக்கு வேலை எதுவும் இல்லையா?"

"இல்லை," என்றாள் கிளடிஸ். "அவளுக்கு வேலை இல்லை. வீட்டில்தான்."

"நல்ல சிநேகிதி," என்றது குரல். பேனை ஓடும் சத்தம் கேட்டது. "நன்றி, மிஸிஸ் இராஜரட்ணம். உங்கள் பெற்றோர் விசயத்தில் இனிச் சிக்கல் இராது."

கிளடிஸ் வெளியே வந்தாள். பாலேஸ்வரிக்கு எதிரே போய் நின்றாள். நிலத்தில் விழுந்து கிடந்த விரிப்புகளைக் காலால் ஒதுக்கினாள். அழுகை வரவில்லை. தன் வாயில் ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அதற்குக் கை ஓய்வாக இல்லை.

ஓகஸ்ற் கடைசியில் சண்முகலிங்கம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இனிக் காத்திருக்க முடியாது, கையில் இருப்பதை வைத்து விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும் என்றார். அன்றே அனுப்ப வேண்டும், காலை ஒன்பதுக்கு அலுவலகம் திறந்ததும் வரவேண்டும் என்றார். வேலை ஏழுக்கு. கிளடிஸ் லூர்டிஸிடம் சொல்லாமல் வந்திருந்தாள். சொன்னால், எங்கே போகிறாய் என்று லூர்டிஸ் கேட்பாள்.

சண்முகலிங்கம் தாளைப் புரட்டினார். "அந்தப் பிள்ளை சத்தியக்கடதாசி தரேல்லையோ?"

"தருவா. இப்ப இல்லை. இப்ப அவவின்ரை பேரை இழுக்க வேண்டாம், ஐயா."

"கொம்பனிக் கடிதம்?"

கிளடிஸ் இல்லையென்று தலையை அசைத்தாள். போனில் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அங்கை அப்பிடிச் சொல்லி எழுதியும் ஆச்செண்டால், இஞ்சை மாறி எழுதேலாது," என்றார். வேலை விபரம் கேட்ட இடத்தில், தொண்ணூற்றிரண்டு தொடக்கம் இன்று வரைக்கும் ஒரே கோடாக இழுத்து, வேலை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனையை நிறுத்தினார்.

"இவ்வளவு காலமும் என்னத்திலை சீவிச்சனீங்கள் எண்டு கேட்டிருக்கு. வெறுமையா விடக்கூடாது."

கிளடிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒன்பதரை ஆகிவிட்டது. இந்நேரம் பாலேஸ்வரிக்கு எதிரே யார் நிற்கிறார்களோ.

"சிநேகிதி ஒராள் பாத்தவ எண்டு எழுதுங்கோ."

"பேர் வேணும்."

"யோகமலர்," என்றாள். "யோகமலர் இராஜரட்ணம். அவ உழைச்சு என்னைப் பாத்தவ."

சண்முகலிங்கம் எழுதினார். பிள்ளைகள் என்ற இடத்தில் ஜெசிந்தா, வயது பதினெட்டு, மணமாகாதவர் என்று எழுதினார். "போட்டுப் பாப்பம் தங்கச்சி," என்றார். கிளடிஸ் கையெழுத்துப் போட்டாள். சொந்தப் பெயரில் எழுதி நாளாகிவிட்டதால் எழுத்துகள் கோணலாக விழுந்தன.

சப்வேயிலும் பஸ்ஸிலும் அவள் இருக்கையில் இருக்கவில்லை. நின்றபடியே வந்தாள். பஸ்ஸால் இறங்கி ஓடினாள். சலவைச்சாலை வாசலில் அட்டைகள் செருகிய பலகை. யோகமலரின் அட்டையை உருவி மணிக்கூட்டின் வாய்க்குள் விட்டாள். நேரத்துக்கு வந்தால் நீலத்தில் அடிக்கும் அந்த மணிக்கூடு, பிந்தினால் சிவப்பில் அடிக்கும். 'டக்' என்று அடித்தது. சிவப்பில் விழுந்தது.

"யோகா!" லூர்டிஸ் உள்ளேயிருந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஐந்து வருடத்தில் முதல் தரம்! உன்னுடைய அட்டையை மற்றவர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுவேனே, எங்கே போனாய்?"

"மன்னித்துக்கொள்," என்றாள் கிளடிஸ்.

பெருவிரலால் அந்தச் சிவப்பு எழுத்துகளை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அட்டையை யோகமலரின் பெயர் ஒட்டிய இடத்தில் செருகிவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, பாலேஸ்வரிக்கு எதிரே ஓடிப்போய் நின்று, உருளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தாள்.